பையில அடங்காத கத்தி

…இல்லம்மா ஒதீல், கத்தி மேல தப்பு இல்லேன்னு யாரு சொன்னா? முழுத் தப்பும் கத்தி மேலதான்! இந்தா, ஜன்னல் பக்கமா வெளிச்சத்துல புடிச்சுப் பாரு. அலகுல, நட்ட நடுவுல, ஒரு பல்லு விழுந்திருக்கா? விழுந்திருக்குல்ல? ஈஸ்டருக்கு உங்க கடையில வாங்குனது. இன்னும் மாடுககூட மேட்டுப் புல்லுக்கு ஏறல. அதுக்குள்ள கெழவன் வாய் மாதிரி ஆயிருச்சு. உங்கப்பா எங்க? வீட்டுக்குச் சாப்பிடப் போயிட்டாரா? மத்தியானக் கடைய உன் தலையில கட்டிட்டு? நல்ல மனுஷன். நீ சாப்பிடு, நீ சாப்பிடு. எனக்காக நிறுத்தாத. வாயில ரொட்டிய வச்சுக்கிட்டு பதில் சொல்லணும்னு ஒண்ணும் இல்ல. நான் சொல்லிட்டுப் போயிடுறேன். ரெண்டே வார்த்த.

இத எடுத்துக்கிட்டு வேற சைஸு குடு. அவ்வளவுதான். முடிஞ்சுது.

ஆனா என்ன சைஸுன்னுதான் தெரியல… அதான் உக்காந்துட்டேன். இந்த முக்காலி உடையாதுல்ல?

பதிமூணு சென்டிமீட்டரும்மா! கைப்பிடி மட்டும் பதிமூணு. அலக விரிச்சா இந்தக் கடையில இருந்து எதுத்த கடைக்கு ரொட்டி வெட்டலாம். இத ஒரு மனுஷன் பேண்ட் பையில போட்டுக்கிட்டு நாள் பூரா திரியணுமாம். நான்தான் கேட்டேன்னு சொல்லாத. ஆமா, கேட்டேன். கேட்டா குடுத்துடுறதா? டாக்டர்கிட்ட போயி எலி மருந்து கேட்டா எழுதிக் குடுப்பாரா? சரி… உங்கப்பாவையும் கொற சொல்லக் கூடாது. அன்னைக்கே சொன்னாரு. என் உள்ளங்கைய விரிக்கச் சொல்லி, மடிச்ச கத்தியக் குறுக்க வச்சுக் காட்டுனாரு. 'மர்சலேன், மடிச்ச கத்தி கைக்குள்ள படுக்கணும். ரெண்டு பக்கமும் மூக்கு நீட்டக் கூடாது. உன் கைக்குப் பதினொண்ணு போதும். ரொம்ப ஆசப்பட்டா பன்னெண்டு'ன்னாரு. எனக்குக் கோவம் வந்துருச்சு. என் கை என்ன பொம்மக் கையா?

அந்த சாசேஜ் உங்க வீட்டுல போட்டதா? வாசனையே சொல்லுது. ஒரு துண்டு… ஒரே ஒரு துண்டு. இரு இரு, நானே அறுத்துக்குறேன். இந்தக் கத்தி எதுக்கு இருக்கு. பாரு, பாரு, இவ்ளோ பெரிய அலக வச்சு ஒரு மெல்லிசு துண்டு போட முடியுதா? கட்டை கட்டையாத்தான் வருது. என் தப்பா இது?

ம்ம்… நல்லா இருக்கு. மிளகு கூட. நல்லா இருக்கு.

பையப் பத்திச் சொல்ல வந்தேன். வாங்குன மொத வாரமே வலது பை கிழிஞ்சுது. எம்பொண்டாட்டி லியோனி தச்சா. ரெண்டாவது பேண்ட்டும் கிழிஞ்சுது. அதையும் தச்சா. மூணாவது கிழிஞ்சப்ப ஊசிய மேசையில வச்சுட்டு, 'இது கத்தியா, வாளா? வாளுன்னா இடுப்புல கட்டு, ஒரு குதிரையும் வாங்கு'ன்னா. டிராக்டர்ல உக்காந்தா தொடையில குத்துது. கன்னுக்குட்டிய இழுக்கக் குனிஞ்சா வயித்துல குத்துது. ஒரு தடவ தண்ணித் தொட்டிக்குள்ள விழுந்து, நான் தோள் வரைக்கும் கைய விட்டுத் துழாவுறேன், மாடு பூரா வட்டமா நின்னு வேடிக்க பாக்குது.

அதெல்லாம்கூடப் பரவாயில்ல. கோயில்ல நடந்தது தெரியுமா உனக்கு? தெரியாதா? ஊரே சிரிச்சுதே! பிரசங்கம் நடக்குது. நான் நல்ல மனுஷனா கண்ண மூடிட்டு… ஜெபம்தான், ஜெபம்தான்… உக்காந்திருக்கேன். லேசா சாஞ்சேன். கத்தி நட்டுக்குத்தலா திரும்பி நறுக்குன்னு ஒரு குத்து. சொல்ல முடியாத எடத்துல. துள்ளி எந்திரிச்சு நின்னுட்டேன். அந்த நேரம் பாத்து பாதிரியாரு என்ன கேட்டிருக்காரு? 'நம்ம மணிக்கூண்டு வேலைக்கு முன்ன நிக்கிறது யாரு?' மொத்தக் கோயில்லயும் ஒருத்தன்தான் நிக்கிறான். நானு! அவரு கண்ணு கலங்கிப் போயி, 'மர்சலேன், உங்கிட்ட இருந்து இத நான் எதிர்பாக்கவே இல்ல'ன்னாரு. நானும்தான் எதிர்பாக்கல சாமி. இப்போ ஒவ்வொரு வியாழக்கெழமையும் புறா எச்சம் சொரண்டிக்கிட்டு இருக்கேன், எல்லாம் இந்தப் பதிமூணால.

இன்னொரு துண்டு எடுத்துக்கட்டா? நீ கொஞ்சமாத்தான் சாப்பிடுவபோல. ஒல்லியா இருக்க.

பின்ன ஏன் பெருசு கேட்டேன்னு பாக்குற. அப்பிடிப் பாக்காத, சொல்றேன். எங்க மாமனாரு அந்தோனேன உனக்குத் தெரியும்ல? அவரு ஒருத்தர்தான் காரணம். கத்திக்கு அடுத்தபடியா அவருதான்.

நான் வீட்டோட மாப்பிள்ளம்மா. முப்பது வருஷம். ஒரு பெட்டி, ரெண்டு பேண்ட், ஒரு பதினோரு சென்டிமீட்டர் கத்தி, இதோட அந்த வீட்டுக்குள்ள போனவன். இந்த ஒப்ராக் மேட்டுல எந்த வீட்டுலதான் மேசைத் தலைமாட்டு நாற்காலியில உக்காந்தவர் கத்திய மூடினா மத்தவங்க எந்திரிக்கல? எல்லா வீட்டுலயும் அதே வழக்கம்தான். நான் வழக்கத்தக் கொற சொல்லல. ஆனா மத்த வீட்டுப் பெருசுக மெல்லுவாங்க! நிதானமா, ஒரு வாய் ரொட்டி, ஒரு வாய் வைன், மழ வருமா வராதான்னு ஒரு பேச்சு. எங்க மாமனாரு மெல்லுறதே இல்ல. வாயில இருக்கிறது நாலு பல்லு, அதையும் அவரு வேலைக்கு விடுறதில்ல. அப்படியே உள்ள தள்ளுவாரு. சூப்பு போயிடும். கறி போயிடும். நான் ரொட்டியால தட்டத் தொடச்சுட்டு, ஆச ஆசையா சீஸுப் பக்கம் கைய நீட்டுவேன்…

டக்!

முடிஞ்சுது. கத்தி மூடியாச்சு. எல்லாரும் எந்திரிச்சாச்சு. லியோனி தட்டு எடுத்துட்டா. நீட்டுன கை நீட்டுனபடி நிக்குது, சீஸு அலமாரிக்குள்ள போகுது. எங்க மாட்டுப் பாலும்மா! நான் கறந்த பாலு! முப்பது வருஷமா அந்த சீஸோட வாசன எனக்குத் தெரியும், ருசி தெரியாது. களத்துல ஒளிஞ்சு நின்னு தின்னாத்தான் உண்டு. ஒரு தடவ வக்கப்போருக்குப் பின்னாடி நின்னு தின்னுக்கிட்டு இருக்கேன், எங்கயோ கதவு 'டக்'குன்னு சாத்துச்சு, பயத்துல நாய்க்குப் போட்டுட்டேன்.

அப்பவே முடிவு பண்ணேன். என்னைக்காவது அந்த நாற்காலி எனக்கு வரும். வந்தா, என் மேசையில ஒருத்தனும் பாதிச் சாப்பாட்டுல எந்திரிக்க மாட்டான். கடைசி ஆள் கடைசிப் பருக்கைய முழுங்குற வரைக்கும் என் கத்தி தொறந்தே கெடக்கும். சத்தியம். மாட்டு மேல சத்தியம்.

வந்துச்சு. இந்த ஈஸ்டருக்கு வந்துச்சு. எப்பிடி வந்துச்சு தெரியுமா? அவரு என்னைக் கூப்பிட்டு, தோள்ல கை வச்சு, 'மாப்ள, இனிமே நீதான்'னு கண் கலங்கி… அதெல்லாம் ஒண்ணும் இல்ல. 'இங்க முதுகுல காத்து அடிக்குது'ன்னு எந்திரிச்சுப் போயி அடுப்புப் பக்கம் உக்காந்துட்டாரு. அவ்வளவுதான். முப்பது வருஷம் காத்திருந்த சிம்மாசனம், கதவிடுக்குக் காத்துல கெடச்சுது.

கெடச்சாச்சு. ஆனா தலைமாட்டுல உக்காந்துக்கிட்டு, மாப்பிள்ளையா வந்தப்ப கொண்டுவந்த அதே பழைய பதினொண்ண எடுத்து வச்சா நல்லாவா இருக்கு? யாருக்குத் தெரியும் நாற்காலி மாறிடுச்சுன்னு? அவரு பன்னெண்டு வச்சிருந்தாரு. அப்ப எனக்கு என்ன வேணும்? நீயே சொல்லு. கணக்குப் போட்டுப் பாரு. பதிமூணு! அதான் அன்னைக்கு இங்க வந்தேன். உங்கப்பாகிட்ட கத்துனேன். 'இருக்கிறதுலயே பெருசு எடுய்யா'ன்னேன். நீகூட அந்த மூலையில நின்னு சிரிச்ச. நான் பாத்தேன்.

சிரிச்ச, சிரிச்ச. இல்லேன்னு தலையாட்டாத.

சரி விடு. நீ எவ்வளவோ தேவல. வாயத் தொறந்து ஒண்ணும் சொல்லல. குஸ்தாவு மாதிரி இல்ல.

ஏன், குஸ்தாவு தெரியாதா? கணவாய்க்கு அந்தப் பக்கம், கருப்புக் கல்லு வீடு. திபோவோட அப்பா. திபோ… அந்தப் பையன்தான், உயரமா, காது ரெண்டும் வெளிய… ஆமா, எங்க செவ்ரீன் அவனத்தான் கட்டிக்கணும்னு நிக்கிறா. எனக்கும் புடிச்சிருக்கு. மாட்டுப் பக்கத்துல கத்தாத பையன். எங்க வீட்டுக்கு வந்து இருக்கேன்னும் சொல்லிட்டான், எங்களுக்கு வேற யாரு இருக்கா? அவ ஒருத்திதான். மாடுக மேட்டுக்கு ஏறுறதுக்குள்ள ரெண்டு வீட்டுலயும் பேசி முடிக்கணும்னு ஏற்பாடு. போன ஞாயித்துக்கெழம குஸ்தாவு வீட்டுல எல்லாரும் எங்க வீட்டுக்குச் சாப்பிட வந்தாங்க.

லியோனியும் செவ்ரீனும் மொத நாளு பூரா அடுப்பு முன்னாடி உக்காந்து கம்பியில மாவ ஊத்தி ஊத்தி, சுத்திச் சுத்தி கேக்கு சுட்டாங்கம்மா. முள்ளு முள்ளா, ஊசியிலை மரம் மாதிரி, இவ்ளோ உயரம். மூஞ்சி ரெண்டு பேருக்கும் நெருப்புல செவந்து போச்சு. அத அலமாரி மேல நிறுத்தி வச்சிருக்கு. முறை என்ன? சூப்பு, கறி, அலிகோ, சீஸு. அதுக்கப்புறம் கேக்கு கீழ எறங்கும். கேக்கு வெட்டுறப்ப பையனோட அப்பா வாயத் தொறந்து பொண்ணு கேப்பாரு. அதுக்கு முன்னாடி யாரும் அதப் பத்திப் பேசக் கூடாது. எல்லாரும் அந்தக் கேக்கை ஓரக்கண்ணால பாத்துக்கிட்டு, உருளைக்கெழங்கு வெலையப் பத்திப் பேசிக்கிட்டு இருக்கணும்.

எல்லாம் நல்லாத்தான் போச்சு. அலிகோவ லியோனி தூக்குனா பாரு, சட்டியில இருந்து மேல இழுத்தா மசிச்ச உருளைக்கெழங்கும் சீஸும் நூலு நூலா மோட்டு வரைக்கும் வருது, குஸ்தாவோட பொண்டாட்டி ரோசலி கையத் தட்டுறா. சீஸு வந்துச்சு. எல்லாரும் அவங்கவங்க கத்திய எடுத்துத் தொடைக்கிறாங்க. நானும் என்னோடத எடுத்துப் போட்டேன், மேசையே ஆடுச்சு…

அப்புறம் மூடிக்கிச்சு.

கத்திதான். மூடிக்கிச்சு. கைப்பிடிக்குள்ள இருக்கிற வில்லு ரொம்ப விறைப்பும்மா இந்தப் பெரிய சைஸுல. தொடச்சுக்கிட்டு இருந்தேன், கட்டவிரலு வழுக்கிருச்சு, டக்! அவ்வளவுதான். சின்னக் கத்தியா இருந்தா 'டிக்'குன்னு இருந்திருக்கும், யாருக்கும் கேட்டிருக்காது. இது துப்பாக்கி வெடிச்ச மாதிரி. அதான் சொல்றேன், தப்பு சைஸு மேலதான்னு.

உடனே என்ன ஆச்சு? முப்பது வருஷப் பழக்கம். லியோனி கை அவளுக்கே தெரியாம தட்ட எடுக்குது. செவ்ரீனு எந்திரிச்சுட்டா. எங்க மாமனாரு… எண்பத்தாறு வயசு… வாயில சீஸோட எந்திரிச்சு நிக்கிறாரு! அவங்க வீட்டுலயும் அதே வழக்கம்தானே, ரோசலியும் எந்திரிச்சா, திபோவும் எந்திரிச்சான். கேக்கு மட்டும் அலமாரி மேல நிக்குது. எல்லாரும் அதப் பாக்குறாங்க, என்னப் பாக்குறாங்க. குஸ்தாவு கடைசியா எந்திரிச்சாரு. தட்டுல சீஸு பாதிகூடக் கொறையல. அவரு கத்திய ரொட்டித் துண்டுல தொடச்சாரு, ரெண்டு விரலால புடிச்சு மெதுவா மூடுனாரு, ஒரு சத்தமும் இல்ல. பையில போட்டாரு. தொப்பிய எடுத்தாரு. 'சாப்பாடு நல்லா இருந்துச்சு, மர்சலேன்'ன்னாரு. போயிட்டாரு. எல்லாரும் போயிட்டாங்க. பொண்ணு கேக்க வந்தவங்கள கேக்கு வெட்டுறதுக்கு முன்னாடி எழுப்பி விட்டா அதுக்கு என்ன அர்த்தம்? உனக்குத் தெரியாதா? பொண்ணு இல்ல, போயிட்டு வாங்கன்னு அர்த்தம்.

'உக்காருங்க, தெரியாம மூடிட்டேன்'னு சொல்ல வேண்டியதுதானேன்னு பாக்குற. சொல்லலாம். வாய் வரணும்ல.

அன்னையில இருந்து செவ்ரீனு எங்கூடப் பேசல. பேசுறா, நாய் வழியா. 'அப்பாகிட்ட சொல்லுடா, பால் கேன கழுவலன்னு.' அந்தக் கேக்கு அப்படியே அலமாரி மேல நிக்குது. கெடாது அது, மாசக்கணக்குல நிக்கும், அதான் கொடும. தெனம் அது கீழ உக்காந்துதான் சூப்பு குடிக்கிறோம். ஒருத்தரும் தொடக் கூடாதுன்னுட்டா. மாமனாரு மட்டும் ராத்திரி ஒரு முள்ள ஒடச்சுத் தின்னிருக்காரு. நான் அவரக் காட்டிக் குடுக்கல. அந்தளவுக்கு நான் கெட்டவன் இல்ல.

சாசேஜு… தீந்துருச்சா? நானா? இல்லயே, நீயும் சாப்பிட்டியே. சரி சரி, அந்த சீஸு இருக்குல்ல, அதுல ஒரு ஓரம்… வீட்டுல இப்பல்லாம் எனக்குச் சரியாப் போடுறதே இல்லம்மா. தட்ட வைக்கிற விதத்துலயே பாதிப் பசி ஓடிருது.

என்ன? அலக ஏன் இப்பிடித் திருப்பித் திருப்பிப் பாக்குற? பல்லுதான். அதத்தான் நான் மொதல்லயே காட்டுனேன். கட்டவிரலு வழுக்குனா இப்பிடி விழாதா? யாரு சொன்னா? உங்கப்பாவா? …ஓங்கி அறைஞ்சு மூடினாத்தான் அலகோட கூரு அடியில இருக்கிற வில்லுல மோதும்னு சொல்லிக் குடுத்திருக்காரா. ஓ. ரொம்ப நல்லாத்தான் சொல்லிக் குடுத்திருக்காரு. பள்ளிக்கூடத்துல இதெல்லாம் சொல்லித் தர்றதில்ல.

சரி. வழுக்கல.

மூடிக் காட்டுனேன். சத்தம் எப்படி இருக்கு பாருங்கன்னு சும்மா… பெருமைக்கு… ஒரு தடவ…

அப்பிடிப் பாக்காதன்னு சொன்னேன்ல! பாதிரியாரு பாவமன்னிப்புக் கூண்டுக்குள்ள உக்காந்துக்கிட்டு இப்பிடித்தான் பாப்பாரு. அவராவது நடுவுல ஒரு வலை வச்சிருக்காரு.

குஸ்தாவு என்ன சொன்னாரு தெரியுமா? நான் கத்தியப் போட்டேன்ல மேசையில, அவரு தன்னோடத எடுத்து வச்சாரு. பதினொண்ணு. அவங்க தாத்தா காலத்துது. தீட்டித் தீட்டி அலகு ஊசி மாதிரி தேஞ்சு போயிருக்கு. கைக்குள்ள அப்படியே படுத்திருக்கு, மூக்கு வெளிய தெரியல. அவரு என்னோடதப் பாத்தாரு. அவரோடதப் பாத்தாரு. ரொம்ப மரியாதையா, 'ஏன் மர்சலேன், இது ரொட்டி வெட்டவா, இல்ல படுத்துக்கிட்ட மாட்ட நெம்பி எழுப்பவா?'ன்னாரு.

சிரிச்சாங்க. எல்லாரும் சிரிச்சாங்க. லியோனி கண்ணுல தண்ணி வருது. மாமனாரு அடுப்புப் பக்கம் இருந்து குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறாரு. அதெல்லாம் நான் தாங்கிக்குவேன். செவ்ரீனு சிரிச்சா. எம்பொண்ணு, பெத்த அப்பாவப் பாத்து, அவ மாமனாரு குஸ்தாவோட சேந்து சிரிக்கிறா. இன்னும் மாமனாரு ஆகவே இல்ல, அதுக்குள்ள!

மூடுனேன்.

ஆமா. ஓங்கித்தான்.

கோவம்னு நெனைக்காத, கோவம் அந்தச் சத்தத்தோடவே போயிருச்சு. அதுக்கப்புறம் வந்துச்சு பாரு ஒண்ணு… உங்கிட்ட சொல்றேன், நீ யாருகிட்டயும் பேசுற பொண்ணு இல்ல… எல்லாரும் எந்திரிச்சாங்கல்ல? மாமனாரு வாயில சீஸோட எந்திரிச்சு, முழுங்கவும் முடியாம துப்பவும் முடியாம என்னயே பாத்துக்கிட்டு நின்னாருல்ல? அந்த ஒரு நொடி, ஒதீல்… என்ன சொல்ல… தேனு. முப்பது வருஷத்துச் சீஸு மொத்தமும் ஒரே வாயில கரைஞ்ச மாதிரி. 'உக்காருங்க'ன்னு சொல்ல வாய் வரலேன்னேன்ல? வாய் வந்துச்சு. சொல்ல மனசு வரல.

அன்னைக்குச் சாயங்காலம் தொழுவத்துல மாமனாரு வந்து எம்பக்கத்துல நின்னாரு. திட்டப் போறாருன்னு நெனச்சேன். என் தோள்ல கை வச்சாரு. முப்பது வருஷத்துல மொத தடவ. 'நல்ல சத்தம், மாப்ள. நான்கூட ஒரு நாளும் இவ்ளோ சுத்தமா மூடுனதில்ல'ன்னாரு.

கறந்துக்கிட்டு இருந்த பால அப்படியே போட்டுட்டு வெளிய வந்துட்டேன். நெசமா.

சரி, இப்போ வந்த விஷயம். நேத்து திபோ வந்தான். பாவம், காது ரெண்டும் செவந்து நிக்கிறான். அவன்தான் வீட்டுல சண்ட போட்டு எப்பிடியோ பேசியிருக்கான். 'வர்ற ஞாயித்துக்கெழம எங்க வீட்டுல சாப்பாடு. எல்லாரும் வரணும்'னான். செவ்ரீனு நாயக் கட்டிப் புடிச்சு அழுகுறா. அப்புறம் அவன் எம்பக்கம் திரும்பி, தரையப் பாத்துக்கிட்டு, 'அப்பா சொல்லச் சொன்னாரு… கத்திய மறக்காம எடுத்துட்டு வரணுமாம்'ன்னான்.

பாத்தியா? பாத்தியா எப்பிடிக் கொக்கி போடுறாருன்னு? இதுக்குத்தான் நேத்து ராத்திரி பூரா தூக்கம் இல்ல. பதிமூண எடுத்துட்டுப் போனா, இன்னும் திமிரு அடங்கலம்பாரு. சண்டைதான். செவ்ரீனுக்கு வேற ஒரு ஞாயித்துக்கெழம கெடைக்காது. பன்னெண்டு? அவரோடத விட ஒண்ணு கூட. அதையும் அளந்து பாப்பாரு அந்த மனுஷன், பாக்காம விட மாட்டாரு. பதினொண்ணு? 'பயந்து கொறச்சுக்கிட்டான்'. எங்க மாமனாரே சொல்லுவாரு, மேசையிலயே, சத்தமா. அப்புறம் என்ன இருக்கு உங்க கடையில? பத்து. பத்தெல்லாம் ஒரு சைஸா? தீர்மானம் இல்லாதவன் வாங்குறது. ஒம்போது. அது பொம்பளப் புள்ளைங்க கைப்பையில போட்டு, பென்சிலு சீவுறதுக்கு. அத எடுத்து வச்சா ஆம்பளைன்னே…

இல்ல, உன்னச் சொல்லல. பொதுவாச் சொன்னேன்.

கத்தியே இல்லாமப் போனாலோ, அது இன்னும் கேவலம். எங்க லியோனியோட சித்தப்பா மகன் ஒருத்தன், பாரிஸ்ல காப்பிக்கடை வச்சிருக்கான், ஒரு தடவ வெறுங்கையோட எங்க மேசையில உக்காந்தான். பையத் தடவுறான், இந்தப் பையி, அந்தப் பையி… லியோனி எந்திரிச்சுப் போயி, செவ்ரீனு சின்னப் புள்ளையா இருந்தப்ப வாங்குன கத்தியக் கொண்டாந்து குடுத்தா. முனை மழுங்கல், கைப்பிடியில மஞ்சளா ஒரு வாத்து. அவன் அத வச்சுக்கிட்டு கறி அறுத்த அழக நீ பாத்திருக்கணும்! இன்னைக்கும் அவனுக்கு எங்க வீட்டுல பேரு வாத்துதான். கல்யாணப் பத்திரிகையிலயே வாத்துன்னு போடலாமான்னு கேட்டாரு எங்க மாமனாரு.

ஆக, என்ன சைஸு? சொல்லு. நீ கத்திக்காரர் மக. தெனம் பாக்குற. ஒரு மனுஷன் பையில போட்டுக்கிட்டு, தொட குத்தாம, பை கிழியாம, கோயில்ல எந்திரிக்காம, சம்பந்தி வீட்டுக்குப் போயி பெருசாவும் இல்லாம சின்னதாவும் இல்லாம மேசையில வைக்கிற மாதிரி ஒரு சைஸு. இருக்கா? அந்தக் கண்ணாடிப் பெட்டியில மேல் வரிசையில இருக்கே, கொம்புப் பிடி, அது எவ்வளவு? எடுக்க வேணாம், சாப்பிட்டுட்டு எடு. அந்தக் கடைசி சீஸுத் துண்டு நீ சாப்பிடப் போறியா, இல்ல நான்…

…ஐயோ!

என்னம்மா இது! நெஞ்சே நின்னுருச்சு!

…நான் ஏன் நிக்கிறேன்?

உன் கத்திய நீயா மூடுன? எங்க, அது எங்க இருந்துச்சு இவ்வளவு நேரம்? ரொட்டிக்குப் பின்னாடியா? காட்டு. கையத் தொற. …ஒம்போது. ஒம்போது சென்டிமீட்டர்! 'டிக்'குன்னுதானே கேட்டுச்சு! நான் முக்காலியத் தள்ளிட்டு நேரா நின்னுட்டேனே! சீஸுத் துண்டக்கூடக் கீழ வச்சுட்டேன் பாரு. கையி தானா வச்சிருச்சு.

சிரி. நல்லா சிரி. இப்பத்தான் உன் குரலே கேக்குறேன்.

ஆமா… உன் சாப்பாடு பூரா நான்தான் தின்னுட்டேன், இல்ல? மூடாம என்ன பண்ணுவ. நானா இருந்தா எப்பவோ மூடிருப்பேன். மூடுனேனே.

வேணாம், அந்தப் பெட்டியத் தொறக்காத. ஒண்ணும் எடுக்க வேணாம். இந்தா, இந்தப் பதிமூண புடி. உங்கப்பாகிட்ட குடுத்து பல்லத் தேச்செடுக்கச் சொல்லு. அவசரமில்ல. அடுத்த வாரம், அதுக்கடுத்த வாரம், எப்ப வேணா. ஓங்கி மூடுனது நான்தான்னும் சொல்லு. சரி… சொல்லாட்டியும் பரவாயில்ல, பாத்தாலே தெரிஞ்சுக்குவாரு.

ஞாயித்துக்கெழமைக்கா? வெறுங்கையோடதான். பழைய பதினொண்ணு அலமாரியில இருக்கு, இருக்கட்டும். நான் உக்காந்து, எல்லாரும் பாக்க, ரெண்டு பையையும் தடவிட்டு, 'ரோசலி அம்மா, மறந்துட்டு வந்துட்டேன், சின்னப் புள்ளைக கத்தி ஏதாச்சும் இருந்தா குடுங்க'ன்னு கேக்குறேன். ஒரு கத்தி இல்லாமயா போயிடும், திபோவும் ஒரு காலத்துல சின்னப் புள்ளதானே. வாத்து போட்டிருந்தா ரொம்ப நல்லது. குஸ்தாவு சிரிக்கட்டும். மாமனாரு சிரிக்கட்டும். செவ்ரீனும்… அவ சிரிச்சா எனக்குப் போதும்மா, யாரோட சேந்து சிரிச்சாலும். குஸ்தாவு எப்ப மூடுறாரோ அப்ப எந்திரிக்கிறேன். மெதுவா மெல்லுற மனுஷன்தான் அவரு, பாத்தேன்ல. சீஸுகூட கெடைக்கும் எனக்கு.

கேக்கா? எடுத்துட்டுத்தான் போறோம். மடியில வச்சுக்கிட்டு, மாமனார ஒரு கண்ணு பாத்துக்கிட்டு. ஒரு முள்ளுதான் கொற.

கத்தி இல்லாம எப்பிடி வெட்டுவேன்னா கேக்குற? நான் ஏன் வெட்டுறேன்? குஸ்தாவு வெட்டட்டும். அதுக்குப் பதினொண்ணு போதும்.